கரி, கப்பல், கணவாய்

குற்றாலச் சாரலைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் குறைவு. செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றி ஏங்கி எழுதாதவரும் இன்று குறைவுதான். ஆரியங்காவுக் குகை, பதிமூன்று கண் பாலம், பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ள மலையேறும் பெட்டிகள் என்று அந்த ஏக்கத்துக்கு ஒரு நிலையான அகராதியே உருவாகிவிட்டது. தூத்துக்குடிக் கப்பலைப் பற்றிய எழுத்துக்கும் இதேபோலத் தனி அகராதி உண்டு. அதில் சுதேசி, தியாகம், செக்கு, சிறை என்ற சொற்கள் வரும். முதலாவது நினைவேக்கத்தின் அலமாரியிலும் இரண்டாவது தேசபக்தியின் அலமாரியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஓட்டிய கரிக்கோ எந்த அலமாரியிலும் இடமில்லை.

இந்த மூன்றையும் பிரித்து வைத்திருப்பதால் நம் பகுதியின் வரலாறு நமக்குப் புரியாமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கரியும் கப்பலும் இருப்புப்பாதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்குமே தனித்தனித் தொழில்களாக இருந்ததில்லை. துறைமுகம் இல்லாத ரயிலுக்குச் சரக்கில்லை. ரயில் இல்லாத துறைமுகத்துக்குப் பின்னிலம் இல்லை. கரி இல்லாமல் இரண்டுமே நகராது. இந்த மூன்று சாவிகளையும் வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வியோடு தென்காசியிலிருந்து தூத்துக்குடி வரைக்குமான நிலப்பரப்பைப் பார்த்தால், நாம் நன்கறிந்ததாக நினைக்கும் பல சம்பவங்கள் வேறு பொருள் கொள்கின்றன.

தூத்துக்குடியிலிருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்து மதுரை வழியாக வந்த தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1876-இல் தூத்துக்குடிக் கடற்கரையைத் தொட்டது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளை பிரிந்ததும் அவ்வாண்டில்தான். இதில் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்றுண்டு. மாவட்டத்தின் தலைமையிடத்துக்குப் போனது கிளைப் பாதை. துறைமுகத்துக்குப் போனதுதான் முதன்மைப் பாதை. கரிசல் பூமியின் பருத்தியும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலி ஜனங்களும் கடலை அடைய வேண்டும் என்பதே அப்பாதையின் நோக்கமாக இருந்தது. மக்கள் ஊருக்குப் போய்வருவது இரண்டாம்பட்சம்.

அந்த 1876-இல்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. சென்னை மாகாணத்தை 1878 வரை வாட்டிய அப்பஞ்சத்தில் ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது என்பது உண்மை. விலை ஏறிய இடத்தை நோக்கித் தானியத்தை இழுத்துச் சென்றதும் அதே ரயில்தான். ரயில்பாதையைவிட நீர்ப்பாசனத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்று ரமேஷ் சந்திர தத் முதலானோர் பின்னாளில் வாதிட்டதற்கு இந்த அனுபவமே பின்புலம். தென்னிந்திய ரயில்வேக்கு முன்னோடியான கிரேட் சதர்ன் கம்பெனிக்கு அரசு அளித்திருந்த வட்டி உத்தரவாதத்தையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாபம் வந்தால் அது லண்டன் பங்குதாரர்களுக்கு. வராவிட்டால் குறைந்த வருமானத்தை இந்தியாவின் வரிப்பணம் ஈடுசெய்யும். நட்டமடையவே முடியாத வணிகர் ஒருவர் நம் ஊர்ச் சந்தைக்கு வந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

தூத்துக்குடியில் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிடும். சரக்கையும் மனிதரையும் தோணிகளில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே நின்ற கப்பல்களில் பெரும்பான்மை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையவை. 1856-இல் கல்கத்தா–பர்மா கம்பெனியாகத் தொடங்கி, 1862-இல் அப்பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தின் பின்னாலிருந்தவர் வில்லியம் மக்கின்னன். அரசின் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தமே அவருடைய கப்பல்களுக்கு அடித்தளம். தபால் ஒப்பந்தம் உள்ள கப்பலுக்குப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்ச வருமானம் உண்டு. ரயிலுக்கு வட்டி உத்தரவாதம் எப்படியோ, கப்பலுக்குத் தபால் ஒப்பந்தம் அப்படி. சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில், தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலைப் பிடித்தது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை இலங்கைக்கான ராஜபாட்டை இதுவே.

இனி மேற்கே வருவோம். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902-இலும், அங்கிருந்து அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-இலும், மலையைக் குடைந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் 1904-இலும் பாதை அமைந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் அது. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே தென்காசியில் ஏறி அடுத்த நிலையமான செங்கோட்டையில் இறங்கியவர் ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசுக்குப் போனார்.

ஆரியங்காவுக் கணவாய் ரயிலுக்காகக் காத்திருந்த வெற்றுப் பள்ளத்தாக்கு அன்று. மிளகும் தேங்காயும் பாக்கும் கிழக்கே வர, அரிசியும் துணியும் மாடும் மேற்கே போன பழைய வழி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த கும்பினியார், இந்த மலையின் ஈரத்தையும் மண்ணையும் கணக்கெடுத்தே வந்தார்கள். சமஸ்தானம் 1877-இல் புனலூர் தொங்குபாலத்தைக் கட்டி முடித்ததும் இந்தக் கிழக்கு–மேற்கு வணிகத்தை மனத்தில் கொண்டுதான். ரயில் அந்தப் பழைய வழியின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. கொல்லம்–புனலூர்ப் பகுதியில் ஓடிய முதல் இன்ஜினைப் பிரித்துத் தூத்துக்குடியிலிருந்து படகில் கொல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள் என்ற செய்தி அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. மலையைக் கடக்க வேண்டிய இன்ஜின் கடலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது! ரயிலும் கப்பலும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உருவகம் நமக்குத் தேவையில்லை.

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குகையைக் குடைந்தவர்களின் பெயர்கள் நம் ஞாபகத்தில் இல்லை. பாலத்தின் கண்களை எண்ணிப் பெயரிட்டிருக்கிறோம், கட்டியவர்களுக்குப் பெயரில்லை. நம் ஏக்க இலக்கியத்தின் முதற்குறை இது. பயணியின் ஜன்னலிலிருந்து மட்டுமே அது மலையைப் பார்க்கிறது. குகையின் இருட்டில் கூச்சலிட்ட பிள்ளைகள் அதில் உண்டு. குகைக்குள் வெடிவைத்துக் கல் சுமந்தவர்கள் இல்லை.

இரண்டாம் குறை கரி. தென்தமிழகத்தில் நிலக்கரி கிடையாது. வங்காளத்து ராணிகஞ்சிலிருந்து கப்பலில் வர வேண்டும். அல்லது 1889-க்குப் பிறகு சிங்கரேணியிலிருந்து வர வேண்டும். அதனால் தென்னாட்டு ரயில்கள் நெடுங்காலம் விறகைத் தின்றே ஓடின. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான கிளெக்கார்ன், தண்டவாளக் கட்டைகளுக்கும் இன்ஜின் விறகுக்கும் காடு எவ்வளவு காலம் தாங்கும் என்று 1860-களிலேயே கவலைப்பட்டிருக்கிறார். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். காடு ரயிலுக்கும் அரசுக்கும் தேவைப்பட்டபோது, அதுவரை அங்கே ஆடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும் அத்துமீறியவர்களாயினர். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வியின் பஞ்சாலை 1880-களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி மலையடிவாரத்துக்கு வந்ததையும் இங்கே நினைக்கலாம். கரி அருமையாக இருந்த சீமையில் முதலாளியும் அருவியைத்தான் தேடி வர வேண்டியிருந்தது.

இந்தச் சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1906-க்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். உழைப்பு முழுவதும் வ.உ.சி.யுடையது. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. கொழும்பிலிருந்து கப்பல் அமர்த்திச் சமாளித்தார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. பிறகு நடந்த கட்டணப் போரைத் தமிழறிந்த எவரும் அறிவர். வெள்ளைக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிராளி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தான்.

இந்தக் குடையைப் பற்றிச் சொல்லிவிட்டு, இலவசத்துக்கு மயங்கிய தமிழன் என்று ஒரு பெருமூச்சு விடுவது நம் மேடை வழக்கம். அந்தப் பெருமூச்சை நாம் ஏற்கவில்லை. 25 ரூபாய் என்பது அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. அதைக் கொடுத்துப் பங்கு வாங்கியவர்களின் ஊரில் தேசபக்திக்கு என்ன குறை? குறை வேறிடத்தில் இருந்தது. வ.உ.சி.யிடம் கப்பல் இருந்தது. மற்ற இரு சாவிகளும் இல்லை. ரயிலில் வந்து இறங்கும் பயணி, அந்த வண்டியோடு நேரம் இணைக்கப்பட்ட கப்பலையே நாடுவான். அந்த வண்டியோ லண்டன் கம்பெனியுடையது. எரியும் கரியை அவர் சந்தை விலைக்கு வாங்கியாக வேண்டும். எதிராளிக்கோ கல்கத்தாவில் தலைமை முகவரகமும், கடல் முழுதும் வழித்தடங்களும், தபால் ஒப்பந்தமும் இருந்தன. கொழும்புத் தடத்தில் ஓராண்டு நட்டப்பட்டால் ரங்கூன் தடத்தில் ஈடுகட்டிக்கொள்வான். ஒரே ஒரு தடத்தை நம்பியவர் அதில் தோற்றால் எல்லாவற்றிலும் தோற்றார். இலவசக் குடையின் விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தபால் ஒப்பந்தத்தின் வழியாக அதில் ஒரு பங்கை நம் முன்னோர்களே கொடுத்தார்கள் என்பதுதான் கசப்பான உண்மை.

எழுபது ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் ஓர் இந்தியர் இந்த மூன்று சாவிகளையும் ஒருசேரப் பிடிக்க முயன்றார். ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனாரான துவாரகநாத் தாகூர்தான் அவர். அவருடைய கார், தாகூர் கம்பெனி 1836-இல் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கியது. ஹூக்ளியில் கப்பல்களை இழுக்கும் நீராவிப் படகுகளை நடத்தியது. கரிவயலுக்கு ரயில்பாதை போட வேண்டும் என்று திட்டமிட்டது. 1846-இல் அவர் மறைந்தார். ஓரிரு ஆண்டுகளில் கம்பெனியும் வீழ்ந்தது. 1855-இல் ராணிகஞ்சைத் தொட்டது வட்டி உத்தரவாதம் பெற்ற லண்டன் கம்பெனியின் ரயில். கரியை முதலில் பிடித்தவரும் தோற்றார். கப்பலை முதலில் பிடித்தவரும் தோற்றார். இருவர் தோல்வியையும் தனிமனிதக் குணத்தால் விளக்கிவிட முடியாது.

மூன்று சாவிகளும் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்பதை அக்காலத்து அரசுகள் அறியாமலும் இல்லை. பென்சில்வேனியாவில் சுரங்கமும் ரயிலும் ஒரே கம்பெனியிடம் இருந்ததால் சிறு சுரங்கக்காரர்கள் நசுங்கியதைக் கண்ட அமெரிக்கா, ரயில் கம்பெனிகள் தாமே உற்பத்தி செய்த சரக்கைச் சுமக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் வந்தது 1906-இல். சுதேசிக் கம்பெனி பதிவான அதே ஆண்டு! தன் குடிகளுக்கு ஒரு குடியரசு அளித்த அந்தப் பாதுகாப்பைக் காலனி அரசு தன் அடிமைகளுக்கு அளிக்கவில்லை. மாறாக, போட்டியில் ஒரு தரப்பின் காவலனாகவே நின்றது. கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை அடுத்து 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் தண்டனை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பல்கள் இல்லை.

1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி நிலையத்தில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து கிளைப் பாதையில் வந்து, கொடைக்கானலுக்குப் போகும் வழியில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு காத்திருந்தார். எந்த வண்டிக்காக? தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய இலங்கைப் போட் மெயிலுக்காக. சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். கலெக்டர் காத்திருந்தது கப்பலோடு இணைந்த வண்டிக்கு. சுட்டவரின் ஊரும் வேலையிடமும் கணவாய்ப் பாதையின் இரு முனைகள். நிகழ்விடம் துறைமுகப் பாதையும் கிளைப் பாதையும் கூடும் சந்திப்பு. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை. அந்த நிலப்பரப்பில் அதிகாரம் நடமாடிய தடமே அந்தத் தண்டவாளந்தான்.

வாஞ்சி தியாகியா, சனாதனியா என்ற விவாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. அவர் சட்டைப்பையில் கிடந்த கடிதத்தின் சமயமொழி அவ்விவாதத்துக்கு நியாயமான காரணமே. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரு தரப்பும் அந்த மனிதரின் மனத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றன; அவர் நின்ற பிளாட்பாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒருவரின் நோக்கத்தை மதிப்பிடுவதோடு வரலாறு முடிந்துவிட்டால், கம்பெனிகள் எப்போதும் தப்பித்துக்கொள்ளும். அவற்றுக்குச் சட்டைப்பையுமில்லை, கடிதமுமில்லை.

ரயிலால் நன்மையே விளையவில்லையா என்று வாசகர் கேட்கலாம். விளைந்தது. சாரல் காலத்தில் மட்டும் வந்துபோன மிராசுதார்களின் குற்றாலம், மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிய எவருக்கும் உரிய குற்றாலம் ஆனது. பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டே தமிழகத்தின் ரசிகர்களையெல்லாம் தம் வீட்டுக்கு வரவழைக்க முடிந்ததில் தென்காசி ரயில் நிலையத்துக்கும் பங்குண்டு. ரயில் போட்டவர்களின் நோக்கத்தை மீறி மக்கள் ரயிலைத் தமதாக்கிக்கொண்டார்கள். அந்தத் தமதாக்கலைப் போற்றுவோம். ஆனால் போட்டவர்களின் கணக்கை அதற்காகத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.

மீட்டர்கேஜ் ஏக்கத்துக்கு வருவோம். 2010-இல் புனலூர்–செங்கோட்டைப் பாதை மூடப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தபோது, ஒரு பண்பாடே அழிந்ததாக எழுதப்பட்டது. அந்தக் குறுகிய பாதை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. 1870-களில், ஏற்கெனவே அகலப்பாதையாக இருந்த நாகப்பட்டினம்–திருச்சி வழியையே செலவைக் குறைப்பதற்காக மீட்டர்கேஜாகச் சுருக்கினார்கள். அப்படிச் சுருங்கிய மலிவுக் கணக்கின் தொடர்ச்சியாகவே செங்கோட்டைப் பாதையும் போடப்பட்டது. நாம் ஏங்குவது ஒரு கம்பெனியின் சிக்கன நடவடிக்கைக்காக. ஏங்கக் கூடாதென்று சொல்லவில்லை. எதற்காக ஏங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு ஏங்கலாமே!

இது பழங்கதையும் அன்று. 1979 முதல் தூத்துக்குடி அனல்மின் நிலையம் வெளியூர்க் கரியால் எரிந்து வந்திருக்கிறது. 2011 முதல் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கும் துறைமுகத்தில் அந்தக் கரி இறங்குகிறது. அவருக்குக் கிட்டாத பொருள், அவர் பெயர்ப்பலகைக்குக் கீழே மலையாகக் குவிகிறது. மேற்கே, குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே செங்கோட்டைக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கரியற்ற சீமை என்று எழுதப்பட்ட இடத்தில் எரிபொருள் வானத்திலேயே இருந்தது. ஆலை நிற்கும் நிலம் யாருடையது, மின்சாரம் எங்கே போகிறது, கம்பியும் துறைமுகமும் இருப்புப்பாதையும் யார் கையில் சேர்கின்றன என்ற கேள்விகள் 1906-இன் கேள்விகளே. பெயர்கள் மட்டுமே மாறியிருக்கின்றன.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. ஆ.இரா.வேங்கடாசலபதி சுதேசிக் கம்பெனியைப் பற்றி 2023-இல் வெளியிட்ட ஆங்கில நூல், ஆவணங்களைத் தேடிப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டியது. கணவாய்ப் பாதைக்கும் அத்தகைய தேடல் வேண்டும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வீடுகளின் பரண்களில் பழைய சரக்கு ரசீதுகள் இருக்கலாம். கமிஷன் மண்டிப் பேரேடுகள் இருக்கலாம். கொழும்பிலிருந்து வந்த கடிதங்களும், வட்டியே ஈட்டாத ஒரு சுதேசிப் பங்குப் பத்திரமும்கூட இருக்கலாம். கறையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும். குகை வெட்டப் போன பாட்டனைப் பற்றி ஒரு வரியாவது நினைவிருக்கும் குடும்பம் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கக்கூடும். அந்த ஒரு வரியைப் பதிவு செய்வது, குகையைப் பற்றிய நூறாவது ஏக்கக் கட்டுரையைவிடப் பயனுள்ளது.

அடுத்த சாரல் காலத்தில் கொல்லம் வண்டி மலையேறும்போது, பாலத்தின் கண்களை எண்ணுவோம், தவறில்லை. கூடவே, அந்தப் பாலத்தை யார் பணத்தில், யார் உழைப்பில், யார் லாபத்துக்காகக் கட்டினார்கள் என்றும் எண்ணத் தொடங்குவோம்.